போர்வெல்லில் குமிழி வந்தால் அடியில் எரிவாயுவா?

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மூன்று ஏக்கரில் மாவும் தென்னையும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய போர்வெல் 620 அடி. இந்தக் கோடையில் மோட்டார் போட்டு அரை மணி நேரம் ஆனதும் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருகிறதாம். தொட்டியில் விழுந்ததும் குமிழி குமிழியாகக் கிளம்புகிறதாம். அதைப் பார்த்த ஒருவர், "அடியில கேஸ் இருக்கு. சைஸ்மிக் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். ரிப்போர்ட் வந்தா கம்பெனிக்காரனே தேடி வருவான்" என்று சொல்லி முப்பதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். போரை ஆழப்படுத்துவதற்காக நகையை அடகு வைத்து வாங்கிய பணம் வீட்டில் இருக்கிறது. அதிலிருந்து கொடுக்கலாமா என்பது வாசகரின் கேள்வி. "ராமநாதபுரத்தில் என் மைத்துனர் வயலில் இப்படித்தான் ஒயர் இழுத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கேஸ் எடுக்கவும் செய்கிறார்கள்" என்றும் கடிதத்தில் சேர்த்திருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பருத்தி விவசாயி ஒருவரிடமிருந்தும் ஏறத்தாழ இதே நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. "பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கிற எரிவாயுவைக் கண்டுபிடிக்கிறார்கள். முந்நூறு அடியில் இருக்கிற தண்ணீரை அதே கருவியால் கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் பதிலையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

முதல் கேள்விக்கு உடனடிப் பதில்: அந்த முப்பதாயிரத்தைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, எரிவாயு தேடுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தென்னை வைத்திருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். தேங்காயைச் சுண்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்கிறோம். உள்ளே இருப்பதைக் கண் பார்க்கவில்லை. தட்டிய சத்தம் உள்ளே போய்த் திரும்பி வருகிற விதத்தை வைத்துக் காது முடிவு செய்கிறது. நில அதிர்வு ஆய்வு, அதாவது சைஸ்மிக் சர்வே, பூமியைச் சுண்டிப் பார்ப்பதுதான். 1921-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்பவரும் அவருடைய தோழர்களும் சிறு வெடி வைத்து, அடியில் உள்ள பாறை அடுக்கிலிருந்து திரும்பி வந்த எதிரொலியைப் பதிவு செய்து காட்டினார்கள். நூறு வருடத்தில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

ராமநாதபுரத்திலும் தஞ்சைப் பக்கத்திலும் நடந்தது இதுதான். முதலில் சர்வேயர்கள் வந்து நேர்கோடு பிடித்துக் கொடி நட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் கோட்டில் குறிப்பிட்ட இடைவெளியில் சில பத்து அடி ஆழத்துக்கு ஓட்டை போட்டு, அதில் சில கிலோ வெடிமருந்தை இறக்கி மண்ணால் மூடுவார்கள். சில நாடுகளில் வெடிக்குப் பதிலாக, தரையில் தட்டை அழுத்தி அதிரவைக்கும் பெரிய லாரிகளைப் பயன்படுத்துகிறார்கள். கோடு முழுக்க ஜியோபோன் என்ற சிறு கருவிகளைத் தரையில் குத்தி வைப்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், அடியில் ஒரு ஆணி இருக்கும். ஆயிரக்கணக்கில் இவற்றைக் கேபிளில் கோத்துப் பதிவு வண்டியோடு இணைத்துவிடுவார்கள். வெடித்ததும் அதிர்வு கீழே போகும். ஒரு அடுக்கு முடிந்து வேறு வகைப் பாறை தொடங்குகிற இடத்தில் அதில் ஒரு பகுதி திரும்பி மேலே வரும். ஐந்தாறு வினாடி கேட்டுக்கொண்டிருந்தால் போதும், பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வரும் எதிரொலிகூட அதற்குள் வந்துவிடும்.

கணக்கு எளிமையானது. அதிர்வு காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். மணற்கல்லில் 2,000 முதல் 4,000 வரை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை போன்ற கெட்டிக் கல்லில் 5,000, 6,000 என்று ஓடும். ஒரு எதிரொலி இரண்டு வினாடி கழித்து வந்தால், சராசரி வேகம் 3,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக ஒரு வினாடி, வர ஒரு வினாடி. ஆக அந்த அடுக்கு 3,000 மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட பத்தாயிரம் அடியில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பூமி அமைதியாக இருப்பதில்லை. ரோட்டில் பஸ் போகிறது, பம்புசெட் ஓடுகிறது, காற்றில் பனைமரம் ஆடி வேர் வழியாக மண்ணை அசைக்கிறது. இவை எல்லாம் ஜியோபோனில் பதிவாகும். அதனால் ஒரே இடத்தைப் பல வெடிகளால், பல தூரத்திலிருந்து தட்டிக் கேட்டு, எல்லாப் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். உண்மையான எதிரொலி ஒவ்வொரு பதிவிலும் அதற்குரிய நேரத்தில் வந்து நிற்பதால் கூடக் கூடப் பெரிதாகும். பஸ் சத்தமும் பனைமரமும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் வருவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாய்வான அடுக்குகள் இடம் மாறித் தெரிவதையும் கணக்குப் போட்டுச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். களத்தில் கேபிள் சுருட்டிய பிறகு இந்த அலசல் வேலைக்கே மாதக்கணக்கில் ஆகும். வாசகரிடம் பணம் கேட்டவர் ஒருவேளை சாயங்காலமே அறிக்கை தருவதாகச் சொல்லியிருக்கலாம். உண்மையான வேலையில் அது நடக்காது.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது எரிவாயுவின் படம் இல்லை, அடுக்குகளின் படம். எந்த அடுக்கு மேடாக வளைந்திருக்கிறது, எங்கே வெடித்து நழுவியிருக்கிறது என்று அதில் தெரியும். எரிவாயு லேசானது, மேலே ஏறப் பார்க்கும். நுண்துளையுள்ள மணற்கல், அதன் மேல் துளையில்லாத களிப்பாறை, இரண்டும் கவிழ்த்த சட்டி போல வளைந்த இடம் ஒன்று இருந்தால் வாயு அங்கே மாட்டிக்கொள்ளும். அப்படிச் சட்டி கவிழ்ந்த இடத்தைத்தான் ஆய்வு காட்டிக் கொடுக்கிறது. சட்டிக்குள் வாயு இருக்கிறதா, வெறும் உப்புத் தண்ணீர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வாயு நிறைந்த மணற்கல்லில் அதிர்வின் வேகம் குறைவதால் சில இடங்களில் எதிரொலி பளிச்சென்று அதிகமாக வரும். ஆனால் கொஞ்சம் வாயு கலந்த தண்ணீர் இருந்தாலும் ஏறத்தாழ அதே பளிச்சுதான் வரும். பளிச்சென்று தெரிந்த இடத்தில் கோடிக்கணக்கில் செலவழித்துத் துளையிட்டு வெறுங்கையோடு திரும்பிய கதை உலகமெங்கும் உண்டு. துளை போட்டுப் பார்க்கிறவரை எதுவும் உறுதியில்லை.

காவிரிப் படுகையே இதற்குச் சாட்சி. மேலே பார்த்தால் சிதம்பரத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஒரே சமவெளி. அடியில் மலையும் பள்ளமும் புதைந்து கிடக்கின்றன. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து பிரியத் தொடங்கியபோது நிலம் பிளந்து இறங்கி, பள்ளங்களில் மணலும் சேறும் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பின. ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம் என்று நம் ஊர்ப் பெயர்களையே அந்தப் பாறை அடுக்குகளுக்கு நிலவியலாளர்கள் சூட்டியிருக்கிறார்கள். ஓ.என்.ஜி.சி. இந்தப் படுகையில் முதல் ஆழ்துளையைக் காரைக்காலில் 1964-இல் போட்டது. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1980-களின் நடுவில். பணமும் அறிவும் கருவியும் உள்ள ஒரு அரசு நிறுவனத்துக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. குத்தாலத்திலும் ராமநாதபுரம் வழுதூரிலும் உள்ள மின்நிலையங்கள் அந்தந்தப் பகுதியில் கிடைத்த வாயுவை நம்பி அமைந்தவை. ஆகவே மைத்துனர் வயலில் ஒயர் இழுத்ததும் அந்தப் பக்கம் கேஸ் எடுப்பதும் உண்மைதான். வாசகர் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் ராமநாதபுரம் மண் வேறு, ராஜபாளையம் மண் வேறு. நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், அதற்குள் பூமியின் கதையே மாறிவிடுகிறது.

எரிவாயு உண்டாக வேண்டுமானால் முதலில் செத்த பாசியும் செடியும் கலந்த சேறு அடியில் புதைய வேண்டும். பிறகு அது பதமாக வேக வேண்டும். எண்ணெய்க்குத் தோராயமாக 60 முதல் 150 டிகிரி வெப்பம், வாயுவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ராஜபாளையம் பகுதிப் பாறைகள் நிலவியல் உலகில் பெயர் பெற்றவை. பல நாட்டு ஆய்வாளர்கள் வந்து கல் உடைத்து எடுத்துப் போய்ச் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது, இந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் ஏறக்குறைய 1,000 டிகிரி வெப்பத்தில் வெந்தவை என்பது. செங்கல் சூளையைவிடக் கூடுதலான வெப்பம். அதற்கு முன் அதில் ஏதாவது கரிமம் இருந்திருந்தால் அது வாயுவாகித் தப்பியிருக்கும், அல்லது பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டாகச் சுருங்கியிருக்கும். சிவகங்கையில் டாமின் நிறுவனம் எடுக்கும் கிராபைட் இப்படிப்பட்ட பழைய உருமாறிய பாறைகளில் கிடைப்பதுதான். பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்கூட வெந்து உருமாறியதே. அதை உடைத்தால் சர்க்கரை போல மின்னுவது அதனால்தான்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மயிலாடுதுறை மாவட்டம் மாதானத்தில் அடிப்பாறையிலேயே எண்ணெய் எரிவாயு கிடைத்திருக்கிறதே, அதுவும் கெட்டிப் பாறைதானே? உண்மைதான். ஆனால் அங்கே அந்தப் பாறை விரிசல் விட்டுக் கிடக்கிறது. பக்கத்துப் பள்ளத்தில் வாயு தரும் களிப்பாறை இருக்கிறது. மேலே மூடி போட்டது போலக் கனமான படிவு இருக்கிறது. பக்கத்தில் விளைந்தது விரிசலுக்குள் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாறை விரிசல் உண்டு, ஆனால் பக்கத்தில் விளைச்சலும் இல்லை, மேலே மூடியும் இல்லை. மலையடிவாரத்தில் உருண்டைக் கல்லும் சரளையும், கிழக்கே போகப் போகக் கரிசல், அதன் கீழே சுக்காம்பாறை, பிறகு கரும்பாறை. இந்தியாவில் எண்ணெய் எரிவாயு தேடுவதற்கென 26 படிவுப் படுகைகளை அரசு வரையறுத்திருக்கிறது. இந்த இரண்டு ஊரும் அதில் எதிலும் அடங்காது.

சட்டமும் இடம் தராது. 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் இவற்றை எடுக்க முடியாது. நிலத்துச் சொந்தக்காரர் தனியாக ஒரு அறிக்கை வாங்கிக் கம்பெனியை அழைக்கும் வழி அதில் இல்லை. எங்கே தேடுவது என்பதை மத்திய அரசு வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஏலம் விடுகிறது. அப்படிப்பட்ட நிறுவனம் எதுவும் விவசாயியிடம் ஆய்வுக் கட்டணம் கேட்பதில்லை. மாறாக, ஆய்வுக்காகப் பயிர் மிதிபட்டால் அவர்கள்தான் விவசாயிக்கு இழப்பீடு தர வேண்டியவர்கள். யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அப்படியானால் குமிழி எங்கிருந்து வருகிறது? வாசகர் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அரை மணி நேரம் ஆனதும் என்று எழுதியிருக்கிறார். போரில் ஊறும் அளவைவிட மோட்டார் இழுக்கும் அளவு கூடுதல். அரை மணி நேரத்தில் நீர்மட்டம் பம்பு வரை இறங்கிவிடுகிறது. பிறகு தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. மேல் ஊற்றுகளிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி போருக்குள் விழுந்தாலும் காற்றைக் கலக்கிக்கொண்டு போகும். மோட்டார் போட்ட முதல் நிமிடத்திலிருந்தே நுரை வந்தால் வேறு காரணம் பார்க்க வேண்டும். இறக்கிய குழாயில் இணைப்பு லூசாகியிருக்கலாம், பைப்பில் ஓட்டை விழுந்திருக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் அது போருக்குள் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வேலை.

இதில் அவசரமான ஆபத்து மோட்டாருக்குத்தான். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர். காற்று கலந்து வறட்சியாக ஓடினால் காயில் கருகிவிடும். உடனே செய்ய வேண்டியது, கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டிப் பார்ப்பது. நுரை நின்றுவிட்டால் காரணம் நீர்மட்டம்தான் என்று உறுதி. பிறகு விட்டு விட்டு ஓட்டலாம், ட்ரை ரன் தடுப்புக் கருவி பொருத்தலாம், போரில் இடமிருந்தால் பம்பைக் கூடுதலாக இறக்கலாம். தொட்டியில் சேர்த்து வைத்துத் தென்னைக்குச் சொட்டுநீரில் விட்டால் குறைந்த ஊற்றே தாங்கும். அடகு வைத்த பணத்தை 620 அடியை 900 அடியாக்கச் செலவழிப்பதற்கு முன் இவற்றை முடித்துவிட வேண்டும். கெட்டிப் பாறையில் ஆழம் போகப் போக விரிசல் குறைந்துகொண்டே போகும். அடியில் புகையை மட்டும் கக்கிவிட்டு ரிக் வண்டி கிளம்பிப் போன தோப்புகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயியின் கேள்வி. எரிவாயுவைத் தேடும் அதே அதிர்வைத் தண்ணீருக்கும் பயன்படுத்த முடியும், ஆனால் வேறு விதமாக. ஆழத்து எதிரொலியைக் கேட்கிற முறை இங்கே உதவாது. கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது விரல் அகல விரிசல்களில், அதுவும் பெரும்பாலும் செங்குத்தாக அல்லது சாய்ந்து கிடக்கும். மேலிருந்து போன அதிர்வு அதில் பட்டுத் திரும்பி நேராக மேலே வராது. பரந்து படுத்த அடுக்குகள் உள்ள டெல்டாவுக்குத்தான் அந்த முறை ஏற்றது.

பாறைப் பகுதிக்கு ஏற்றது சுத்தியல் முறை. தரையில் இரும்புத் தகடு போட்டு, பெரிய சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட 12 அல்லது 24 ஜியோபோனில் அதிர்வு வந்து சேரும் நேரத்தை அளக்கிறார்கள். காய்ந்த மேல்மண்ணில் அதிர்வு வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும். ஈரமான சுக்காம்பாறையில் 1,500 முதல் 2,500 மீட்டர். கரும்பாறையைத் தொட்டதும் 5,000-க்கு மேல் பாயும். பக்கத்து ஜியோபோனுக்கு மண் வழியாக வந்த அதிர்வு முதலில் சேரும். தூரத்து ஜியோபோனுக்கோ, கீழே இறங்கிக் கரும்பாறை வழியாக ஓடி வந்த அதிர்வு முந்திக்கொள்ளும். ஊருக்குள் நெருக்கடியில் போகிற வண்டியைவிட பைபாஸில் சுற்றிப் போன வண்டி முந்துவது மாதிரிதான். எந்த ஜியோபோனில் முந்தத் தொடங்குகிறது என்பதை வைத்துக் கரும்பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்று கணக்கிட்டுவிடலாம். கிணறு வெட்ட நினைப்பவருக்கும், எத்தனை அடி கேசிங் பைப் வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டியவருக்கும் அது போதும். அதற்குக் கீழே உள்ள ஒற்றை விரிசலை இது காட்டாது.

விவசாயிகளுக்குச் செலவு குறைவாகக் கிடைப்பது மின்தடை முறை. நான்கு கம்பியை ஒரே கோட்டில் நட்டு, வெளிக் கம்பி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பி இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது மின்சாரம் ஆழமாக இறங்கும். காய்ந்த கரும்பாறை மின்சாரத்தை வலுவாகத் தடுக்கும், தண்ணீர் நிறைந்த பாறை குறைவாகத் தடுக்கும். ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் அதைவிடக் குறைவாகத் தடுக்கும். ஆகவே எண் குறைந்த இடமெல்லாம் ஊற்று என்று நினைத்துவிட முடியாது. பக்கத்துப் போர்களின் அனுபவம், ஓடை போகும் போக்கு, வெளியே தெரியும் பாறையின் வெடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த நிலவியலாளர் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் இந்த ஆய்வுக்கு ஏற்பாடு உண்டு. விருதுநகர் மாவட்ட அலுவலகத்தில் சிட்டா, புல வரைபடத்தோடு போய் விண்ணப்பிக்கலாம்.

இந்த முறையில் ஒரு கணக்கு இருக்கிறது, அது ஏமாறாமல் இருக்கவும் உதவும். ஆய்வு எட்டுகிற ஆழம், வெளிக் கம்பிகள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பதைப் பொறுத்தது. 300 அடி ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் 300 அடிக்குக் குறையாமல், பெரும்பாலும் அதற்கு மேலும் ஒயர் இழுக்க வேண்டும். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடிதான். ஆகவே ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று பக்கத்து நிலக்காரரிடமும் சொல்லி வைக்க வேண்டியிருக்கும். கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், மின்கம்ப எர்த் இருக்கும் இடங்களை விட்டு விலகிக் கோடு பிடிக்க வேண்டும். கனமழை பெய்த மறுவாரம் வேண்டாம், மேல்மண் ஈரம் குழப்பும். கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை நின்ற இடத்தில் வைத்துக்கொண்டு "ஆயிரம் அடியில் கேஸ், அறுநூறு அடியில் தண்ணீர்" என்று ஒருவர் சொன்னால், ஒயர் எங்கே என்று கேட்கலாம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவராவது பல இடங்களில் வெற்றிலை பாக்கோடும் சின்னத் தொகையோடும் போய்விடுகிறார்.

ராமநாதபுரம் மைத்துனருக்கும் சில வார்த்தைகள். அவர் பகுதிக்கு மறுபடியும் ஆய்வுக் குழு வரக்கூடும். காவிரி டெல்டாவில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக 2013-இல் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அந்தப் பயணத்தின்போதே அந்த டிசம்பரில் காலமானார். 2017-இல் நெடுவாசல் எழுந்தது. அதன் பிறகு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் குறிப்பிட்ட ஒன்றியங்களையும் கணக்கில் கொண்டு, புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் அந்தச் சட்டம் தடை செய்தது. ஏற்கெனவே நடந்து வந்தவற்றை அது தொடவில்லை. ராமநாதபுரம் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அங்கே யாராவது கொடி நட வந்தால் எந்த நிறுவனம், எந்த அனுமதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயிர் நிற்கும் நிலையில் தேதியோடு போட்டோ எடுத்து, மிதிபட்ட பரப்பைக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் குறித்துக்கொள்ள வேண்டும். கிணறு, போர் இருக்கும் இடங்களை முன்கூட்டியே காட்டி, அவற்றின் அருகில் வெடி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டைகளைக் களிமண் போட்டு நிரப்பிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேலே உள்ள உப்புத் தண்ணீரோ பூச்சிமருந்தோ நேராகக் கீழே இறங்க அது வழியாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆய்வு முடிந்த வயலில் மண்ணிலிருந்து மெல்லிய ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் யாரும் இழுக்கக் கூடாது. வெடிக்காமல் போன மருந்து அடியில் இருக்கலாம். குழந்தைகளுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் சொல்லி வைத்துவிட்டு, அந்த நிறுவனத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். உழவு ஓட்டுவது அதற்கு அப்புறம்.

கடைசியாக, ராஜபாளையம் வாசகர் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். தோப்பில் பழைய கிணறு ஒன்று தூர்ந்து கிடக்கிறது, அதில் இறங்கி வாயு வாடை வருகிறதா என்று பார்க்கலாமா என்று. பார்க்கக் கூடாது. இந்தப் பக்கத்து விவசாயி பயப்பட வேண்டிய வாயு அந்தக் கிணற்றில்தான் இருக்கும். இலையும் குப்பையும் மக்கும் கிணற்றின் அடியில் கரியமில வாயு காற்றைவிடக் கனமாகத் தேங்கி நிற்கும். ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அதற்கு வாடையே கிடையாது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அது அணைந்தால் இறங்கவே கூடாது, அணையாமல் எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு இல்லை என்று அர்த்தமில்லை. தூர் எடுத்தே ஆக வேண்டுமானால் புளோயர் வைத்து வெகு நேரம் வெளிக்காற்றை அடிமட்டம் வரை செலுத்திய பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருக்க ஒருவர் இறங்கலாம். உள்ளே போனவர் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டால் அண்ணன், தம்பி, மகன் யாரும் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் சொல்ல வேண்டும்.